பத்தாவது படம்

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒரு ஞாயிறு, இருபது கொண்டை ஊசி வளைவு,
பாதி மழை, ஒன்றரை பேட்டரி.

பத்து வேண்டும்.
அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் லேபில்
காத்திருக்கிற இடத்துச் சுவருக்கு.
"ஏற்காட்டுல எடுத்ததா, பச்சையா, அமைதியா
ஏதாவது மாட்டும்மா" என்றார் டாக்டர்.
வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்கள்
பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

பகலெல்லாம் நுண்ணோக்கிக்குள்
வெள்ளணு எண்ணுகிற கண் என்னுடையது.
நூறு எண்ணு, வகை பிரி, எழுது, அடுத்தது.
அந்தக் கண்ணோடுதான் ஆரம்பித்தேன்,
இரவு ஒன்பதரைக்கு.

முதல் இருநூறு சுலபம்.
ஆடியது. இருண்டது. பஸ் ஜன்னலில் மழைத்துளி மட்டும்.
என் செருப்பு.
மறுபடியும் என் செருப்பு.
ஏரி முப்பத்தேழு தடவை;
முப்பத்தேழிலும் அதே வாத்துப் படகு,
வேறுவேறு குடும்பம், ஒரே சிரிப்பு.
ஒன்றை வைத்துக்கொண்டேன்.
ஏன் அது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இளவரசு தட்டுவடை செட்டோடு வந்து
தோளுக்குப் பின்னால் நின்றான்.
"இதுவும் நல்லாருக்கே. இதுவும்."
எல்லாம் நல்லாருக்கு என்பவனிடம்
எதைக் கேட்பது?
கீபோர்டில் பீட்ரூட் துருவலை விட்டுவிட்டுத்
தூங்கப் போனான்.

பச்சையை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம்.
சேர்வராயன் மலை
ஷோகேஸ் பிளாஸ்டிக் செடியாகிவிட்டது.
இறக்கினேன்.
ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைக் கூட்டினால்
எனக்கு வேலை போகும்.
இங்கே கூட்டக் கூட்ட, அடடா என்பார்கள்.

ஒரு படத்தில் வானத்தின் குறுக்கே மின்கம்பி.
பிரஷ்ஷால் தேய்த்தேன், போனது.
கீழே எஸ்டேட் லைன் வீட்டுத் திண்டில்
பகலிலும் அணைக்காத குண்டு பல்பு
எந்தக் கம்பியும் இல்லாமல்
எரிந்துகொண்டிருந்தது.
கம்பியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.
யார் வீட்டுக் கரண்டையோ பிடுங்கியவளாக
நான் இருக்க வேண்டாம்.

மணி பன்னிரண்டே கால். ஒன்பது தேறிவிட்டது.
நானூற்றுப் பதினெட்டு:
நாகலூர் போகிற வழி, சில்வர் ஓக்,
அதில் ஏறிய மிளகுக்கொடி, மீதி முழுக்கப் பனி.
அழிக்கப் போன கை
சும்மா, பனி விலக்கும் பட்டையை
வலப்பக்கம் இழுத்தது.
இருபது. நாற்பது.
மரப்பட்டை கறுத்தது, மைல்கல் முளைத்தது.
அறுபதில்
ஒரு பெண்.

கோணிச்சாக்கைக் கொங்காணி போட்டு
கையில் தூக்குவாளியோடு
மைல்கல்லை ஒட்டி, பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
நேராக என்னைப் பார்க்கிறாள்.

அந்த இடத்தில் நாலு நிமிஷம் நின்றேன்.
அங்கிருந்துதான் இளவரசுக்குப் போன் செய்தேன்.
"ஒரு ஈ காக்கா இல்லப்பா, அப்படியொரு அமைதி" என்றேன்.
அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
என் லென்ஸுக்குக் கீழே கிட்டப் போனால் தெளியும்;
இங்கே கிட்டப் போகப் போக
மூக்கு மணலாகிறது, கண் சாம்பல் கட்டம் நாலு.
வயது தெரியவில்லை.
சிரிக்கிறாளா, முறைக்கிறாளா,
பஸ் போய்விட்டது என்று சொல்ல வந்தவளா,
எதுவும் தெரியவில்லை.

பட்டையைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோனேன்.
மெதுவாகத்தான்.
முதலில் தூக்குவாளி போனது,
பிறகு சாக்கின் நுனி,
கடைசியாக அவள் பார்ப்பது.
பிறகும் எனக்கு
அவள் நிற்கிற இடத்தைத் தவிர
வேறெதையும் பார்க்க முடியவில்லை.

காலையில் செவ்வாய்ப்பேட்டை பிரிண்ட் கடையிலிருந்து
நூருல்லா கூப்பிட்டார்.
"மேடம், பத்தாவது ஃபைல்ல ஒண்ணும் விழலியே,
வெறும் வெள்ளையா இருக்கு."

"இருக்கு. அப்படியே போடுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"சரி மேடம், இதுல மேல்பக்கம் எது?"

மிளகுக்கொடி ஏறுகிற பக்கம், என்றேன்.